ஏழு நாட்டவராக நடித்த எங்கள் அப்பா

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். இந்தக் கட்டுரையை அண்ணா எழுதுவதாகத்தான் இருந்தது. அவர் எழுதியிருந்தால் பிறந்த ஊர், படித்த பாடசாலை, பார்த்த வேலை, நல்ல குணங்கள் என்று எல்லாம் வரிசையாக வந்திருக்கும். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்பது வாசிக்க விளங்கும். பொறுமை இல்லாதவர்கள் படங்களைப் பாருங்கள். அவற்றைத் தெரிந்தெடுத்தவர் அண்ணா, குறை சொல்ல முடியாத படங்கள்.

அப்பா வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் நாலாமவராகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் அவருடைய குரல் உடைந்தபோது, அது ஒரேயடியாக ஐம்பது வயதுக்காரரின் குரலாகிவிட்டதாம். அந்த ஆண்டுப் பாடசாலை நாடகத்தில் அவருக்குக் கிழட்டு மந்திரி வேடம் கிடைத்தது. அதோடு அவருடைய தலையெழுத்தும் முடிவாகிவிட்டது. பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு மேடை நாடகங்களில் நடித்த காலத்திலும் மாமனார், ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார், நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார், பொலிஸ்காரர் என்றே அவர் காலம் போனது. கதாநாயகனுக்கு மாமனாராக முதன்முதலில் நடித்தபோது கதாநாயகனுக்கு வயது முப்பத்தொன்று, அப்பாவுக்கு இருபத்துமூன்று. அம்மா அவரை முதலில் கண்டது அந்த மேடையில்தான். சில மாதம் கழித்து, அந்த நரைத்த மீசைக்காரரைத் தனக்கு மாப்பிள்ளையாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

"மீசை ஒட்டினது எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை" என்று அம்மா இன்றைக்கும் குறைப்படுவார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அப்பா தனியாக நோர்வேக்கு வந்தார். ஏன் வந்தார் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அதே காரணத்துக்காக வந்தவர்கள். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு குளிர்காலம் நின்றார். அம்மாவும் அண்ணாவும் மூன்று வயது நானும் வந்து சேர்ந்ததும் ஒஸ்லோவுக்கு மாறி, பியோர்ண்டாலில் வீடு எடுத்து, வைத்தியசாலை ஒன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலையைப் பதினெட்டு வருடம் செய்தார். அதைப்பற்றி அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. வெட்கப்பட்டவள் நான்.

இங்கே நடிப்பு அவரைத் தேடி வந்தது மொழி வகுப்பில். வைத்தியரிடம் போன நோயாளி எப்படிப் பேசுவார் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டவேண்டும். மற்றவர்கள் தலையிடி, காய்ச்சல் என்று ஒப்புவித்துவிட்டு இருந்தார்கள். அப்பா நெஞ்சைப் பிடித்தபடி கதிரையிலிருந்து மெதுவாகச் சரிந்தார். வகுப்பு நடத்திய அம்மையார் தொலைபேசியை நோக்கி ஓடினார். அப்பா எழும்பி உடுப்பைத் தட்டிவிட்டு, "நான் சொன்ன வசனம் சரிதானே?" என்று கேட்டாராம். அந்த அம்மையாரின் தங்கை, தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பவர். இரண்டு கிழமையில் வீட்டுக்கு அழைப்பு வந்தது.

முதல் வேடம், பஸ் தரிப்பில் நிற்பவர். வசனம் இல்லை. அடுத்தது டாக்சி ஓட்டுபவர், ஒரு வசனம். பிறகு பெட்டிக்கடைக்காரர், பொலிசில் சாட்சி சொல்பவர், காட்டுக்குள் பிணத்தைக் கண்டு கத்துபவர், கத்தவும் தெரியாமல் நிற்பவர் என்று ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வந்தன. பாகிஸ்தானியர், துருக்கியர், ஈரானியர், ஈராக்கியர், மொரோக்கோக்காரர், சோமாலியர் என்று நடித்தார். ஒருமுறை, இயக்குநருக்கு என்ன தோன்றியதோ, சிலி நாட்டவராகவும் நடித்தார். ஆக ஏழு நாட்டவர். தமிழராக ஒருமுறையும் இல்லை. அண்ணா இதைச் சொல்லிச் சிரிப்பார். அப்பா மட்டும், "அந்தந்த ஆக்கள் பாத்தால் பிழை பிடிப்பினம்" என்று கவலைப்பட்டு, வேலையிடத்தில் கூட வேலை செய்த துருக்கியரிடமும் ஈரானியரிடமும் போய்ச் சின்னச் சின்ன விசயங்களைக் கேட்டு வருவார்.

எந்த வேடம் என்றாலும் அவர் சப்பாத்திலிருந்துதான் தொடங்குவார். பள்ளிக்கூடங்களில் வருடத்துக்கு இருமுறை நடக்கும் பழம்பொருள் சந்தைக்குப் போய், அந்த மனிதர் போடக்கூடிய சப்பாத்தைத் தேடிப் பிடிப்பார். பிறகு ஒரு கிழமைக்கு அதை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடப்பார். நோர்வேயில் வீட்டுக்குள் சப்பாத்தோடு நடப்பவரை நோர்வேஜியரும் மன்னிக்கமாட்டார்கள், எங்கள் அம்மாவும் மன்னிக்கமாட்டார்.

"சாமிப்படம் இருக்கிற வீடு. கழட்டுங்கோ உந்தச் சப்பாத்தை" என்பார் அம்மா.

"நான் கழட்டுவன். இந்த மனுசன் கழட்டமாட்டான்" என்பார் அப்பா.

ஒரு வைத்தியசாலைத் தொடரில் அப்பா செத்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். கட்டிலில் படுத்து, இரண்டு வசனம் பேசி, கண்ணை மூடவேண்டும். பேர்கனில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, தற்செயலாகத் தொலைக்காட்சியைப் போட்டபோது வைத்தியர் அப்பாவின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். மாமா அதை உண்மையான வைத்தியசாலையில் எடுத்த விவரணப்படம் என்று நினைத்துவிட்டார். அன்று எங்கள் வீட்டுத் தொலைபேசியோ பழுது. மாமா ஒஸ்லோவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அழுது சொல்ல, பின்னேரம் மூன்று குடும்பம் இடியப்பமும் சொதியும் கொண்டு கறுத்த உடுப்போடு வந்து மணி அடித்தது. கதவைத் திறந்தவர் அப்பா. வந்த அன்ரி ஒருவர் அவரைக் கண்டதும் நிலத்தில் இருந்துவிட்டார். செத்தவீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுக்கக்கூடாது என்று அம்மா வாசலில் மறித்தார். அப்பா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் செத்திருக்கிறன் போலை" என்று சொல்லிச் சாப்பிட இருந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனி எழுதப்போவது இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாதது.

எனக்குப் பதினேழு வயதானபோது அப்பாவுக்குப் பெரிய வேடம் ஒன்று வந்தது. நான்கு பகுதித் தொடர், நான்கிலும் அவர் வருவார். மகள் ஒரு நோர்வேஜியப் பையனை விரும்புகிறாள் என்று அறிந்து, அவளுடைய கடவுச்சீட்டை எடுத்து வைத்துவிட்டு, அறைக்குப் பூட்டுப் போடுகிற தகப்பன். அந்த நாட்களில் பத்திரிகையைத் திறந்தால் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றிய செய்திதான். வகுப்பில் யாராவது என்னிடம், "உன் வீட்டில் எப்படி?" என்று மெதுவாகக் கேட்காத கிழமை இல்லை. எங்கள் வீட்டில் அறைக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

"நீங்கள் உதிலை நடிக்கவேண்டாம் அப்பா" என்றேன்.

"ஏன் பிள்ளை?"

"பள்ளிக்கூடத்திலை எல்லாரும் பாப்பினம்."

"பாக்கத்தானே பிள்ளை நடிக்கிறது."

அவர் பகிடியாகச் சொன்னார். நான் கதவை அடித்துச் சாத்தினேன். அவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. பதின்மூன்று வயதில் தொடங்கியவர், முதல் முறையாக ஒரு கதையின் நடுவில் நிற்கப்போகிறார். அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் எனக்கு அன்று என் வகுப்புத்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

அவர் நடித்தார். கடைசிக் காட்சியில் மகள் வீட்டைவிட்டுப் போனபின் தகப்பன் குந்தியிருந்து அழவேண்டும் என்று எழுதியிருந்ததாம். அப்பா இயக்குநரிடம், "இவன் அழமாட்டான். போட்ட பூட்டைக் கழட்டுவான்" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பழக எங்கள் குளியலறைக் கதவுப் பூட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில், இரண்டு நாள் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தோம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் அப்போது அவரோடு கதைப்பதில்லை.

தொடர் வெளிவந்த அடுத்த கிழமை, சமூகப்பாட ஆசிரியை அதன் முதல் பகுதியை வகுப்பில் போட்டுக் காட்டினார். அப்பாவின் முகம் திரையில் வந்ததும், முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை திரும்பி, "இது உன் அப்பா அல்லவா? மோர்தன்ஸ்ரூட் கடைத்தெருவில் உன்னோடு பார்த்திருக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் யோசிக்க ஒரு கணமும் எடுக்கவில்லை.

"உங்கள் கண்ணுக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தானா?" என்று கேட்டேன்.

ஆசிரியை முகம் சிவந்து, படத்தை நிறுத்திவிட்டு, மற்றவர்களைத் தோலின் நிறத்தால் ஒன்றாகப் பார்ப்பது எவ்வளவு பிழை என்று மணி அடிக்கும்வரை பேசினார். அந்தப் பிள்ளை கண் கலங்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்தேன். அன்று அந்த வகுப்பில் உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

மூன்று கிழமை கழித்துப் பெற்றோர் சந்திப்பு. மாணவரும் கூட இருக்கவேண்டும். வழக்கமாக அம்மாதான் வருவார். அன்று முதியோர் இல்லத்தில் அவருக்கு வேலை மாறிவிட்டது, அப்பா வந்தார். நான் செய்ததை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கதிரையில் இருந்ததும் ஆசிரியை எழுந்து நின்று, "முதலில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்" என்றார். "வகுப்பில் உங்கள் மகளுக்கு ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. தொலைக்காட்சியில் நடித்த ஒருவரை நீங்கள் என்று ஒரு மாணவி சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால், இப்போது உங்களைப் பார்க்கும்போது எனக்கும் கொஞ்சம் அப்படித் தோன்றுகிறது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

பிறகு நடந்ததை நான் பக்கத்துக் கதிரையிலிருந்து கண்டேன். அப்பாவின் தோள்கள் இறங்கின. கைகள் இரண்டும் மடிக்குப் போயின. அப்பாவின் நோர்வேஜியம் நல்ல நோர்வேஜியம். வசனம் பேசிப் பேசி உச்சரிப்பெல்லாம் திருந்தியிருந்தது. அப்படி மாறிய அந்த மனிதர் வாய் திறந்தபோது வந்தது, நேற்று வந்திறங்கியவரின் உடைந்த நோர்வேஜியம். "பரவாயில்லை. கனபேர் சொல்வது. நான், வைத்தியசாலை. துப்புரவு" என்றார்.

ஆசிரியைக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலில் அவர் நிறுத்தியிருக்கலாம். "ஆனால் அந்த நடிகர் அபாரமானவர்" என்று தொடர்ந்தார். "பூட்டைக் கழற்றுகிற அந்தக் காட்சி இருக்கிறதே, வீட்டில் நான் அழுதுவிட்டேன். அதுவரை அவரை வெறுத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு நடிகர் இத்தனை காலம் எங்கே இருந்தார் என்று என் கணவரிடம் கேட்டேன். நீங்கள் பார்த்தீர்களா?"

நாற்பது வருடம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவர், "இல்லை. நான் பார்க்கவில்லை" என்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யன்னல் பக்கம் என்னை இருக்கவிட்டு, "கணக்கிலை நல்லாச் செய்யிறாயாம், டீச்சர் சொன்னவ" என்றார். ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி, அழுது, அன்றே முடிந்திருக்கும். பள்ளிப் படிப்பு முடியும்வரை மேலும் மூன்று சந்திப்புகளுக்கு அவர் வந்தார். மூன்றிலும் அதே இறங்கிய தோள், அதே உடைந்த மொழி. ஒருமுறைகூட அந்த மனிதரை அவர் தவறவிடவில்லை.

அந்தத் தொடருக்குப்பின் இயக்குநர் இரண்டு தடவை அழைத்தார். இரண்டு தடவையும் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தவள் நான். இரண்டும் தகப்பன் வேடம், இரண்டும் பெரியது. வேலையில் லீவு இல்லை என்று அப்பா மறுத்தார். அதன்பிறகும் டாக்சி ஓட்டினார், சாட்சி சொன்னார், கடை வைத்தார். அப்பா ஏன் முன்னுக்கு வரவில்லை என்று கேட்கும் உறவினர்களுக்கு, "அதிட்டம் இல்லை" என்று அம்மா சொல்லுவார். அம்மா, அதிட்டம் இருந்தது. உங்கள் மகள் குறுக்கே நின்றாள்.

சென்ற குளிர்காலத்தில் அப்பாவுக்கு ஈரலில் நோய் கண்டது. தான் பதினெட்டு வருடம் துடைத்த வைத்தியசாலையிலேயே படுத்திருந்து, "மூலையளை விட்டிட்டுத் துடைக்கிறாங்கள்" என்று எனக்குக் காட்டினார். ஒருநாள் பின்னேரம், என்னைவிட ஐந்தாறு வயது கூடிய ஒரு புதுத் தாதி வந்தார். மருந்துப் பையை மாற்றிக்கொண்டே அப்பாவின் முகத்தை இரண்டு முறை பார்த்தார்.

"மன்னிக்கவேண்டும். உங்களை நான் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேனா? முன்பு ஒரு தொடர். கதவுப் பூட்டைக் கழற்றும் அப்பா" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும். நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். அவர் பொறுத்தார், என் வாயைப் பார்த்துக்கொண்டு உண்மையாகவே பொறுத்தார். பிறகு தாதியின் பக்கம் திரும்பி, அந்த உடைந்த நோர்வேஜியத்தில், "இல்லை. கனபேர் சொல்வது" என்றார். தாதி சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

"ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சொல்லியிருக்கலாம்." சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "மற்ற ஆள் மேடையிலை நிக்கேக்கை நான் மட்டும் இறங்கிப் போறேல்லை, பிள்ளை."

"நாளைக்கு அவ வர நான் சொல்லுறன்" என்றேன்.

"ஓம்" என்றார். என் கையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

மறுநாள் அந்தத் தாதிக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை, நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்க அப்பா அமைதியாகப் பிரிந்தார். பேர்கன் மாமாவுக்கு அண்ணா அழைத்துச் சொன்னபோது மாமா, "எந்தச் சானலிலை தம்பி?" என்று கேட்டுவிட்டார். பாவம், பிறகு அவர் அழுத அழுகையை நாங்கள் யாரும் அழவில்லை.

எரியூட்டல் முடிந்த கிழமை, அம்மா பதிந்து வைத்திருந்த நாடாவைப் போட்டு அந்த நாலாம் பகுதியை முதல்முறையாகப் பார்த்தேன். பூட்டில் நாலு திருகாணி. மூன்றை அப்பா இலகுவாகக் கழற்றுகிறார். நாலாவது இறுகியிருக்கிறது. கைலேஞ்சித் துணியைச் சுற்றிப் பிடித்துக் கழற்றி, நாலையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நிற்கிறார். அவ்வளவுதான் காட்சி. என் அப்பா பெரிய நடிகர். அதை அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

"மலரிலை உதெல்லாம் எழுதவேணுமே?" என்று, எழுதியதை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டார். எழுதவேண்டும் அம்மா.

அப்பாவின் நோய்க்காலத்தில் வேலை முடிந்த களைப்போடும் வந்து பக்கத்தில் இருந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் பியோர்ண்டாலுக்குப் பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டு வந்தவர்களுக்கும், அவருடைய வேலைநேரங்களைத் தங்கள் வேலையோடு மாற்றிக் கொடுத்து அவரை நடிக்கவிட்ட துப்புரவுப் பிரிவு நண்பர்களுக்கும், ஈமக்கிரியைகளை நடத்தித் தந்தவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து பனியில் வந்து சேர்ந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு இருக்கும்.

இந்த மலரின் பிரதிகள் இரண்டை நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒன்று என் பழைய பள்ளிக்கூடத்துக்கு, மற்றது அந்த நோயாளர் பகுதிக்கு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் கடைசிப் பக்கத்தில் நோர்வேஜிய மொழியில் சில வரிகள் சேர்த்திருக்கிறேன். நோர்வேஜியம் வாசிக்காதவர்களுக்காக அவற்றைத் தமிழிலும் தருகிறேன்:

"ஆசிரியை அவர்களுக்கும் தாதி அவர்களுக்கும். நீங்கள் இருவரும் மன்னிப்புக் கேட்டீர்கள். உங்களிடம் ஒரு பிழையும் இருக்கவில்லை. நீங்கள் பார்த்தது அவரைத்தான். அவர் என் அப்பா. இல்லையென்று முதலில் சொன்னவள் நான்."